சாவித் துவாரமும் உச்சமுனையும்

1886இல் பாரிசில் நடைபெற்ற எட்டாவது இம்பிரஷனிஸ்ட் கண்காட்சியில், குளித்தும் துவட்டியும் தலைவாரியும் இருக்கும் பெண்களின் பாஸ்டல் ஓவியங்களை எட்கார் டெகா வைத்தார். சாவித் துவாரத்தினூடே பார்த்தாற்போன்றவை என அவரே அவற்றைக் குறிப்பிட்டார் என்பர். இவ்வொரு சொல்லைப் பற்றிக்கொண்டு, அறியாதவாறு பார்ப்பதே அன்றாட வாழ்வைக் கலையாக்கும் வழியென வாதிப்போர் நம்மிடையே உளர். கற்பிட்டிக் கடலேரிக்கும் பெருங்கடலுக்கும் இடையே கிடக்கும் உச்சமுனையில், கிணற்றடியில் கூந்தல் உலர்த்தும் பெண்ணைக் கிடுகுவேலிக்கு அப்பால் நின்று கமெராவில் பிடிப்பதற்கும் இதுவே நியாயமாகக் காட்டப்படுகிறது.

இஃது ஓவியத்தைக் கூர்ந்து பாராதார் கூற்று. டெகாவின் கலைக்கூடத்தில் துவாரம் ஏது? கூலி பெற்ற மாதிரிப் பெண், அவர் வைத்த தொட்டியில் அவர் கண்முன்னே முதுகு வளைத்துக் குந்தியிருந்தாள். அந்த முதுகின் நோவும் கோட்டில் உண்டு. 'தொட்டி' ஓவியத்தில் பார்வை மேலிருந்து விழுகிறது. எந்தச் சாவித் துவாரம் அவ்வுயரத்தில் இருக்கும்? அந்தரங்கம் அங்கே இருவர் உழைப்பால் ஆகிய தோற்றம். (டெகா பெண்களை மதித்தாரா என்பது வேறு வழக்கு, அதில் அவர் எளிதில் தப்பார்.) உச்சமுனைப் பெண்ணோ உடன்பட்டவளுமல்லள், கூலி பெற்றவளுமல்லள். தன் படம் கொழும்பில் ஒரு சுவரில் தொங்கினாலும் அவள் அறியாள்.