அந்த அரை மணி நேரம் யாருக்குக் கிடைக்கிறது?

தாடேபள்ளியிலுள்ள ஆந்திரப் பிரதேச மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு,

கோடை தொடங்கியதும் நீங்கள் வெளியிடும் பட்டியலை சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் பலர் தேடிப் படிக்கிறோம். நாளை எந்த மண்டலத்தில் வெயில் எவ்வளவு ஏறும், எங்கே அனல்காற்று வீசும், எங்கே இடி விழக்கூடும் என்று மண்டலம் மண்டலமாகச் சொல்கிறீர்கள். ரேணிகுண்டாவும் ஸ்ரீகாளஹஸ்தியும் அதில் இருந்தால் அன்று வெளிவேலையை ஒத்திவைப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு முதலில் நன்றி. அந்தப் பட்டியலைப் பார்க்க வாய்ப்பே இல்லாதவர்களுக்காக இந்த மடலை எழுதுகிறோம்.

எங்கள் பக்கத்தில் வெயிலும் இடிமழையும் ஒன்றன்பின் ஒன்றாக வருபவை. கத்திரி நாட்களில் காலை பத்து மணிக்கே மேற்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கத் தொடங்கும். மதியத்துக்கு மேல் கடல் பக்கமிருந்து ஈரக்காற்று உள்ளே நுழையும். இரண்டும் முட்டும் இடத்தில் சேஷாசல மலையும் நகரி மலையும் நிற்கின்றன. சுட்டுக் கிடக்கும் தரையிலிருந்து கிளம்பும் காற்று அந்த ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு 12 கிலோமீட்டருக்கும் மேலே மேகமாக எழும். மூன்று மணிக்கு வெளுத்துக் கிடந்த வானம் நான்கு மணிக்குக் கறுத்துவிடும். முதல் துளி விழுவதற்கு முன்பே புழுதிக்காற்றும் மின்னலும் வந்துவிடும். 2018 ஏப்ரல் 24 அன்று மாநிலம் முழுவதும் 13 மணி நேரத்தில் 36,749 மின்னல்கள் பதிவானதாக அறிவித்தவர்கள் நீங்கள்தான். இந்த ஆபத்தின் அளவை உங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை.

அறிவியலிலும் நமக்குக் குறைவில்லை. திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் வழியில் காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வகம் இருக்கிறது. அங்கே 130 மீட்டர் சதுரத்தில் 1,024 ஆன்டெனாக்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. இடிமேகத்தின் உள்ளே காற்று எவ்வளவு வேகத்தில் ஏறி இறங்குகிறது என்று அளக்கக்கூடிய ராடார் அது. உலகெங்குமுள்ள வளிமண்டல ஆய்வாளர்கள் அதை அறிவார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் டாப்ளர் ராடார் இருக்கிறது. மின்னல் விழும் இடத்தைக் கண்டறியும் உணரிகள் இருக்கின்றன. இந்த உணரிகளின் உதவியால் மின்னலுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம் முன்பே ஒரு குறுஞ்செய்தியை அனுப்ப முடிகிறது.

அந்தக் குறுஞ்செய்தி போய்ச் சேரும் இடத்தைப் பாருங்கள். மே மாதத்தில் பங்கனப்பள்ளி, ஜூனில் தோத்தாபுரி என்று மாந்தோப்புகளில் காய் இறக்கும் காலம் இது. ஆண்கள் நுனியில் வலை கட்டிய நீண்ட கழியோடு மரத்தடியிலும் கிளையிலும் நிற்கிறார்கள். பெண்கள் காம்பைக் கிள்ளி, பால் வடிய விட்டு, கிரேட்டில் அடுக்குகிறார்கள். போன் சோற்றுப் பையோடு ஏதோ ஒரு கிளையில் தொங்குகிறது. செய்தி வந்த சத்தம் யார் காதிலும் விழாது. விழுந்தாலும், பால் ஒட்டிய கையோடு யாரும் போய் எடுக்கப் போவதில்லை. சரக்கு ஏற்ற டிராக்டர் வந்து நிற்கும். மழை வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வேலை இன்னும் வேகமாகும். முதல் துளி விழுந்ததும் எல்லோரும் ஓடுவது இருப்பதிலேயே பெரிய மரத்தின் அடிக்குத்தான்.

மரத்தில் இறங்கும் மின்னல் அதோடு நிற்பதில்லை. பக்கத்தில் நிற்பவர் மேல் தாவும், வேர்பிடித்த தரை வழியாகவும் பரவும். ஒரே மரத்தடியில் மூன்று பேர், நான்கு பேர் சேர்ந்து விழுவது இதனால்தான். ஆடு மேய்ப்பவர்கள் சாவதும் இப்படித்தான். அதே தோப்பில் நூறு அடி தள்ளி கான்கிரீட் கூரை போட்ட பம்புசெட் அறை இருக்கும். மோட்டார் திருட்டுக்குப் பயந்து அது பூட்டிக் கிடக்கும். சாவி ஊரில், தோப்புக்காரர் வீட்டில் இருக்கும். காய் இறக்கும் நாட்களில் சாவி மேஸ்திரி கையில் இருக்க வேண்டும், உள்ளே போனவர்கள் ஸ்டார்ட்டரையும் குழாயையும் தொடக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். அரசுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. மாங்கூழ் ஆலைகளும் மண்டிகளும் தோப்புக்காரர்களோடு தினமும் பேசுகின்றன. அவர்கள் மூலம் இதைச் சொன்னால் ஒரே வாரத்தில் பரவிவிடும்.

அடுத்தது மொழி. 1960இல் ஆந்திர, சென்னை மாநில எல்லையை மாற்றியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது; சத்தியவேடு அங்கிருந்து ஆந்திரத்துக்கு வந்தது; நகரியும் புத்தூரும் இங்கேயே இருந்தன. இங்குள்ள தமிழர்களுக்குச் சந்தையிலும் பஸ்ஸிலும் தெலுங்கு சரளமாக வரும். ஆனால் வயலில் வேலை செய்யும் ஐம்பது வயதுப் பெண்ணால் தெலுங்கில் வரும் குறுஞ்செய்தியைப் படிக்க முடியாது. அவள் பக்கத்தில் வேலை செய்யும் தெலுங்குப் பெண்களிலும் எழுத்து தெரியாதவர்கள் பலர். ஆகவே தமிழில் ஒரு குறுஞ்செய்தி சேர்த்து அனுப்பினால் தீரும் விஷயமில்லை இது. எச்சரிக்கை குரலாக வர வேண்டும். போன் அடித்து, எடுத்தவுடன் இரண்டு மொழியிலும் இருபது விநாடி பேச வேண்டும். கோயில் மைக்கும் பஞ்சாயத்து மைக்கும் ஏறக்குறைய எல்லா ஊரிலும் உண்டு. 2019 முதல் கிராம சச்சிவாலயங்களில் ஊழியர்கள் இருக்கிறார்கள். உங்கள் எச்சரிக்கை வந்த ஐந்தாவது நிமிடத்தில் அந்த மைக்கைப் போடுவது யார் பொறுப்பு என்று ஒருவர் பெயர் ஊர்ப் பலகையில் எழுதியிருக்க வேண்டும். ஊரக வேலைத் திட்டத்தில் வருகைப் படம் ஏற்றுவதற்காக, பணியிட மேற்பார்வையாளரான மேட் கையில் எப்போதும் போன் இருக்கிறது. அந்த எண்ணுக்கு முதல் அழைப்பு போகட்டும்.

வெயில் விஷயத்தில் எங்கள் கோரிக்கை வேறு. சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடினால்தான், அல்லது நேராக 45ஐ எட்டினால்தான் வானிலைத் துறை அதை வெப்ப அலை என்கிறது. மே மாதத் திருப்பதியில் வழக்கமே 40ஐ ஒட்டி இருக்கிறது. 43 டிகிரியில் ரேணிகுண்டாச் சாலையில் தார் ஊற்றுபவருக்கு அது வெப்ப அலை இல்லை என்று கணக்கு சொன்னால், அவர் உடம்பு அதைக் கேட்காது. தடா, சத்தியவேடு பக்கம் வெப்பநிலை இரண்டு டிகிரி குறைவாக இருக்கும் நாளில்கூட கடல் ஈரத்தால் வியர்வை காயாமல் ஆள் சுருண்டு விழுகிறார். நகரியில் விசைத்தறிக் கொட்டகைக்குள் போய்ப் பாருங்கள். தகரக் கூரை பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவு பதினோரு மணிக்கும் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். இடிமழையில் மின்சாரம் போனால் தறியும் நின்று, வீட்டில் காற்றாடியும் நின்று, அந்த இரவில் யாருக்கும் தூக்கம் கிடையாது. மறுநாள் உடம்பு தாங்குமா தாங்காதா என்பதை அந்த இரவுதான் தீர்மானிக்கிறது.

அகமதாபாத் 2010 வெயிலில் பெருவாரியாக மக்களைப் பறிகொடுத்தபின், எத்தனை டிகிரியில் தன் ஊரில் சாவு கூடுகிறது என்று பார்த்து, 2013இல் தனக்கென ஒரு வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. 2015 மே மாதத்தில் நம் மாநிலம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வெயிலுக்குப் பறிகொடுத்தது. இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் அப்படி ஓர் உள்ளூர் அளவுகோல் வேண்டும். ஈரப்பதமும் இரவு வெப்பமும் அதில் சேர வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே கோடையில் செய்யச் சொல்லவில்லை. நகரி, நிண்ட்ரா, விஜயபுரம், சத்தியவேடு ஆகிய நான்கு மண்டலங்களில் குரல் எச்சரிக்கையையும் சாவி ஏற்பாட்டையும் அடுத்த கத்திரி தொடங்குவதற்குள் சோதித்துப் பாருங்கள். இருபது விநாடிச் செய்தியைத் தமிழில் எழுதிப் பேசித் தர இங்குள்ள தமிழ்வழிப் பள்ளிகளின் ஆசிரியர்களை அணுகலாம். எந்த ஊரில் எந்த மேஸ்திரிக்கு எத்தனை ஆட்கள் என்ற விவரம் மண்டிகளில் இருக்கிறது. அதைத் திரட்டித் தரும் வேலையில் நாங்களும் கைகொடுக்கிறோம்.