எலும்பும் வைட்டமின் கே மாத்திரையும்: ஒரு மறுப்பு

முதுமையில் எலும்பு மெலிவதற்கு வைட்டமின் கே குறைவே முதற்காரணம் என்றும், சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு அவ்வைட்டமினின் ஒரு வகையான கே2 மாத்திரையையும் சேர்த்து உட்கொண்டால் எலும்பு முறிவு நேராது என்றும் ஒரு கருத்து இன்று பரவலாக நிலவுகிறது. உண்மை ஒன்றில் தொடங்கி அவ்வுண்மை தாங்காத முடிவில் போய் நிற்கும் இக்கருத்தின் கூறுகளைத் தனித்தனியே ஆராய்வது தேவையாகிறது.

வைட்டமின் கே எலும்பைக் கட்டுகிறது என்பது முதற்கூற்று. எலும்பை உருவாக்கும் உயிரணுக்கள் சுரக்கும் ஆஸ்டியோகால்சின் என்னும் புரதம் சுண்ணாம்புச்சத்தைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் பெறுவதற்கு வைட்டமின் கே துணைபுரிகிறது என்பது உண்மையே. ஆனால், அப்புரதமே இல்லாமல் பிறக்கச் செய்த எலிகளின் எலும்பு மெலியவில்லை என்றும், மாறாக அதன் அளவு கூடியிருந்தது என்றும் 1996இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே அப்புரதத்தை எலும்பின் கொத்தனாராகக் கருதுவதற்கு இடமில்லை.

மாத்திரை எலும்பு முறிவைத் தடுக்கும் என்பது இரண்டாம் கூற்று. ஜப்பானில் கே2 வகையைச் சேர்ந்த மெனாடெட்ரெனோன் நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் அளவில் மருந்தாகவே வழங்கப்படுகிறது. இது உணவில் கிடைக்கும் அளவைப்போல் பல நூறு மடங்காகும். 2006இல் வெளியாகி இக்கருத்துக்கு வலுவூட்டிய தொகுப்பாய்வில் இடம்பெற்றிருந்த சில ஆய்வுகள், நம்பகமற்றவை எனப் பின்னர் திரும்பப் பெறப்பட்டன. எலும்பு மெலிவு நோயுற்ற நான்காயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியப் பெண்களிடம் நடந்த பெருஞ்சோதனையிலும், சுண்ணாம்புச்சத்து மட்டும் பெற்றோருக்கும் அதனுடன் இம்மருந்தையும் பெற்றோருக்கும் இடையே முதுகெலும்பு முறிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் கே1 கொடுத்து நடத்தப்பெற்று 2008இல் வெளியான இரு சோதனைகளில் எலும்பின் அடர்த்தி கூடவில்லை. எலும்பு இழப்பு சற்றே குறைந்ததாக நெதர்லாந்தில் 2013இல் வெளியான ஆய்வு கூறினும், நார்வேயிலும் டென்மார்க்கிலும் நடந்த சோதனைகள் அதனை உறுதிசெய்யவில்லை.

தமிழர் உணவில் போதிய வைட்டமின் கே இல்லை, கே2 வகையே பயன் தரும் என்பது மூன்றாம் கூற்று. கீரைகளில் உள்ள கே1 வகையின் ஒரு பகுதியை உடலே கே2ஆக மாற்றிக்கொள்கிறது. குடலில் வாழும் நுண்ணுயிரிகளும் கே2 வகைகளை உண்டாக்குகின்றன. கரும்பச்சைக் கீரைகள் பலவற்றில் 100 கிராமுக்குச் சில நூறு மைக்ரோகிராம் கே1 இருக்க, அமெரிக்கப் பரிந்துரையின்படி பெண்களுக்கு நாளொன்றுக்கு 90 மைக்ரோகிராமும் ஆண்களுக்கு 120 மைக்ரோகிராமுமே போதும். இது கொழுப்பில் கரையும் சத்தாதலின், நிலக்கடலை எண்ணெயில் வதக்கிய முருங்கைக்கீரையே இதனை உடலில் சேர்ப்பிக்கப் போதுமானது.

மாத்திரையால் தீங்கில்லை என்பது நான்காம் கூற்று. செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர்களுக்கு இரத்தம் உறையாதிருக்க வழங்கப்படும் வார்ஃபரின், அசெனோகூமரால் ஆகிய மருந்துகள் வைட்டமின் கேயின் செயலைத் தடுத்தே பயன் தருகின்றன. எனவே அவர்கள் மருத்துவரைக் கேளாமல் இம்மாத்திரையை உட்கொண்டால் மருந்து வலுவிழந்து, வால்வில் இரத்தம் உறைந்து உயிருக்கே ஊறு நேரலாம்.

செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகிய நான்கும் இன்றி எழுப்பப்பட்டது எனச் செஞ்சி வட்டாரத்திலுள்ள மண்டகப்பட்டுக் குடைவரைக் கோயிலின் கல்வெட்டு பெருமிதத்தோடு அறிவிக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பாறை ஒன்றையே கொண்டு அதனைச் செய்வித்தான். எலும்போ அவ்வாறு ஒரே பொருளால் ஆவதன்று. புரதமும், சுண்ணாம்புச்சத்தும், வெயில் தரும் வைட்டமின் டியும், உடல் உழைப்பும் ஒருங்கே கூடினாலன்றி அது வலுப்பெறாது. அக்கூட்டில் வைட்டமின் கேவுக்கும் உரிய இடம் உண்டு. அவ்விடத்தை நிரப்புவதற்கு நாள்தோறும் ஒரு கைப்பிடிக் கீரை போதும்.