சாதகத்துக்கு ஒரு தனி அறை

மிருதங்கம் கற்க வரும் பிள்ளையின் பெற்றோரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, ‘வீட்டில் எங்கே உட்கார்ந்து வாசிப்பான்?’ என்பதுதான். பலரிடம் பதில் இருப்பதில்லை. அடுக்குமாடியில் இரண்டாம் தளம். கீழ்வீட்டில் இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்கும் செவிலியர். எதிர்வீட்டில் பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பெண். பிள்ளை வகுப்பில் மட்டும் வாசிக்கிறான். சாதகம் இல்லாமல் எத்தனை வருடம் போனாலும் பாடம் கையில் உட்காராது. கொஞ்ச நாளில் அந்தக் குடும்பம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிக்கும் கீபோர்டுக்கு மாறிவிடுகிறது. தவில், நாகசுரம் படிக்கும் பிள்ளைகளின் பாடு இதைவிடக் கஷ்டம்.

கலை தெய்விகமானது, அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்ளட்டும் என்று பேசும் வித்வான்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரே சொல்லைக் கை படியும்வரை திருப்பித் திருப்பி வாசிப்பதுதான் சாதகம். அதைக் கேட்டே தீரவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அந்த வரம்புக்குள் வாசிப்பவரை நிறுத்தச் சொல்வதும் நியாயமில்லை. இரு தரப்புக்கும் நடுவே வேண்டியது நல்ல சுவர். அதை நம் ஊர்க் கொத்தனாரே கட்டுவார்.

ஸ்ரீரங்கத்தில் என் வீடு அகலம் குறைந்து நீளத்துக்குப் போகும் பழைய தெருவீடு. இரண்டு பக்கமும் பொதுச்சுவர். பின்னால் கிணறும் தென்னையும் உள்ள கொல்லையில், மாநகராட்சி அனுமதியோடு, விடவேண்டிய காலியிடத்தை விட்டு, உள்ளளவு 10க்கு 12 அடியில் ஓர் அறை எழுப்பியிருக்கிறேன். கொல்லையில் கட்டுவதில் பெரிய ஆதாயம், அறை வீட்டோடு ஒட்டாமல் நிற்பது. மிருதங்கக்காரர் தரையில் உட்கார்ந்து வாசிக்கிறார். மாடிவீட்டில் அந்த அதிர்வு கான்கிரீட் வழியே ஓடி அடுத்த வீட்டுச் சுவரிலும் பேசும். மண்ணில் தனியாக நிற்கும் அறையில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

இங்கிலாந்தில் தோட்டத்து இசையறைகளைப் பெரும்பாலும் மரச்சட்டத்தில் எழுப்புகிறார்கள். ஒலியைத் தடுப்பது கனம், மரமோ இலேசு. அதனால் ஜிப்சம் போர்டை அடுக்கடுக்காக அடித்து எடை சேர்க்கிறார்கள். நமக்குச் செங்கல் இருக்கிறது. இருபுறமும் பூசிய 9 அங்குலச் சுவர் ஏறத்தாழ 50 டெசிபலைத் தடுத்துவிடும். உள்ளே மிருதங்கம் 90ஐத் தொட்டாலும் சுவருக்கு வெளியே 40தான். கூரை மட்டும் கான்கிரீட்டாக இருக்கவேண்டும். தகர ஷீட் போட்டால் சுவருக்குச் செய்த செலவு வீண்.

காரியம் கெடுவது கதவில். 7 அடி உயரம், 3 அடி அகலமுள்ள கதவின் அடியில் அரை அங்குலச் சந்து இருந்தால், அது கதவுப் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. ஆனால் அந்தச் சந்து ஒன்று போதும். கதவு எவ்வளவு கனமான தேக்காக இருந்தாலும் 20 சொச்சம் டெசிபலுக்கு மேல் தடுக்காது. காற்று போகும் இடமெல்லாம் ஒலியும் போகும். என் அறைக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள், நடுவே ஒரு ஆள் நிற்க இடம், நான்கு ஓரமும் ரப்பர் பட்டை, கீழே வாசற்படி. ஆசாரிக்கு இந்த வேலைக்குத் தாராளமாகக் கூலி கொடுத்தேன். கட்டப்போகிறவர்களும் கையை இறுக்காமல் செலவிடவேண்டிய இடம் இதுதான். ஜன்னலே வைக்கவில்லை.

மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் தாழ்ந்த நாதத்துக்கு மட்டும் கூடுதல் ஏற்பாடு தேவைப்பட்டது. செங்கல் சுவரைத் தொடாமல் 4 அங்குலம் தள்ளி ஒரு சட்டம் நிறுத்தி, இடைவெளியில் ராக்வூல் அடைத்து, மேலே இரண்டு அடுக்கு ஜிப்சம் போர்டு அடித்தோம். ஓர் ஆணிகூட உள்சுவரையும் வெளிச்சுவரையும் சேர்க்கக்கூடாது என்று மேஸ்திரியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

இதையெல்லாம் விட்டுவிட்டு, சுவரில் கறுப்பு ஃபோம் ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று விற்கிறார்கள். முட்டை அட்டையை ஒட்டுகிறவர்களும் உண்டு. ஃபோம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். வெளியே போகும் ஒலியை அது தடுப்பதில்லை. தீயும் எளிதில் பிடிக்கும். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் உள்ள கரும்பசைப் பூச்சான கரணையால் மேல்நாதங்கள் சுருதியோடு இசைவதை 1920இலேயே சி. வி. ராமன் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். மெல்லிய ஃபோம் விழுங்குவது அந்த மேல்நாதங்களைத்தான். தொப்பியின் குமுறல் அப்படியே தங்கிவிடும். அப்படிப்பட்ட அறையில் பழகும் பிள்ளை, நாதம் வரவில்லையே என்று கையை அழுத்தி அழுத்தி அடிக்கிறான். தரையில் ஜமக்காளம், ஒரு சுவரில் புத்தக அலமாரி, துணி போர்த்திய ராக்வூல் பலகை சில. இவை போதும்.

காற்றை மறந்து கட்டினால் அந்த அறையில் உட்கார முடியாது. ஸ்ப்ளிட் ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையே சுற்றவிடுகிறது. நான்கு பேர் ஒரு மணி நேரம் வாசித்தால் கண் சொக்கும். பிளைவுட் பெட்டிக்குள் வளைந்து வளைந்து போகும் பாதை அமைத்து, உட்புறம் ஃபோம் ஒட்டி, கடைசியில் சத்தமில்லாத விசிறி வைத்தால் காற்று வரும், ஒலி வழியில் மடிந்துவிடும். ஃபோமுக்கு உரிய இடம் இது. ஏ.சி. காற்று தோலை உலர்த்திச் சுருதியை ஏற்றும் என்பதால், பதிவுக்கு முன்பே வாத்தியத்தை உள்ளே வைத்துவிடவேண்டும்.

டாலஸில் இருக்கும் மாணவனுக்கு நம் நேரம் காலை ஐந்தரைக்குப் பாடம் எடுக்கிறேன். தெரு உறங்குகிறது. அதே சுவர் ஆட்டோ ஹாரனையும் குயிலையும் வெளியே நிறுத்துவதால், மைக்கில் மிருதங்கம் மட்டும் விழுகிறது. வீட்டுப் பின்புறத்து அறை என்று யாரும் இளக்காரமாக நினைக்கவேண்டாம். 1992இல் வந்த ‘ரோஜா’ படப் பாடல்கள், ஏ. ஆர். ரகுமான் தன் கோடம்பாக்கம் வீட்டின் பின்புறத்தில் அமைத்த ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவானவை.

கொல்லை எல்லோருக்கும் இல்லை. அதனால்தான் இதை என் வீட்டு விஷயமாக நிறுத்திக்கொள்ள மனமில்லை. புதிய குடியிருப்புகளில் உடற்பயிற்சிக்கூடம் இருக்கிறது, விருந்துக்கூடம் இருக்கிறது. காம்பவுண்டு மூலையில், கட்டடத்தைத் தொடாமல், செங்கல்லில் ஒரு சிறிய அறையும் கட்டட்டும். பிள்ளைகள் முறைவைத்து வாசிப்பார்கள். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாகசுரமும் தவிலும் மிருதங்கமும் சொல்லிக்கொடுக்கிறார்கள். வகுப்பு முடிந்த பிறகும் இரவு எட்டு மணிவரை ஓர் அறையைச் சாதகத்துக்குத் திறந்துவைக்க அரசு ஏற்பாடு செய்யவேண்டும். உங்கள் குடியிருப்பில் வாத்தியம் படிக்கும் பிள்ளை இருந்தால், அடுத்த சங்கக் கூட்டத்தில் இந்த அறையைப் பற்றிப் பேச்செடுங்கள்.