வயிற்றகத்து விருந்தினர்

விழா மலர்களிலே கட்டிடங்களையும் வெற்றிக் கிண்ணங்களையும் போற்றுதல் மரபு. நாமோ வயிற்றைப் பற்றிப் பேசப் புகுகின்றோம். காரணம் உண்டு. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இந்நாட்டில் நடைபெற்ற ஆய்வொன்று, நகரங்களில் வாழும் வளர்ந்தோரில் நூற்றுக்கு 16.4 பேர் நீரிழிவுடையோர் எனக் கண்டது, கிராமங்களில் 8.7 பேரே. வடக்கும் கிழக்கும் அவ்வாய்வில் இடம்பெறவில்லை. ஆயினும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம்மவர் நகரவாசிகளே என்பதை மறத்தலாகாது.

‘நாம் சைவ உணவினர், இருதய நோய் நம்மை அணுகாது’ என நம்முட் பலர் எண்ணியிருக்கின்றனர். இதிற் பாதியே உண்மை. நமது பெருங்குடலிற் கோடானுகோடி பற்றீரியாக்கள் வாழ்கின்றன. இறைச்சியிலும் முட்டை மஞ்சட்கருவிலும் உள்ள சில பொருள்களை அவை திரைமெதைலமீனாக மாற்ற, ஈரல் அதனை ஒட்சியேற்றுகின்றது. இவ்வாறு பிறக்கும் பொருள் குருதியில் மிக்கிருப்போரிடையே மாரடைப்பும் பாரிசவாதமும் மரணமும் மிகுதி என, அமெரிக்காவின் கிளீவ்லாந்து ஆய்வாளர், நாலாயிரவர்க்கு மேற்பட்டோரை மூன்றாண்டு தொடர்ந்து நோக்கி, 2013 இல் அறிவித்தனர். அது நோயின் காரணமோ, வெறும் அடையாளமோ என்னும் வாதம் இன்னும் தீர்ந்திலது.

மற்றப் பாதி யாது? அவ்வுயிர்களுக்கு நாம் இடவேண்டிய உணவு நார்ப்பொருள். அதனை நொதிக்கச்செய்து அவை பியூற்றிரேற்று முதலியவற்றை ஆக்குகின்றன. குடற்சுவரின் கலங்களுக்கு அதுவே ஊட்டம். நீரிழிவாளர் குடலில் இதனை ஆக்கும் இனங்கள் குறைந்திருத்தலைச் சீன அறிஞர் 2012 இற் கண்டனர். நார்ப்பொருள் மிகுந்த உணவு அவ்வினங்களுட் சிலவற்றைப் பெருக்கி, குருதிச் சீனியைக் கட்டுப்படுத்த உதவியதை 2018 இற் காட்டினர். தீட்டிய வெள்ளையரிசியும் கோதுமை மாவும் சீனியும் சைவமே. ஆனால் அவற்றை மட்டும் உண்பவன் தன் விருந்தினரைப் பட்டினி போடுகின்றான்.

குளிசையை நிறுத்துமாறு நாம் கூறவில்லை. அது வைத்தியர் சொற்படியே நடைபெறல் வேண்டும். நாம் வேண்டுவது வேறு. கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையில் றோல்சுக்கும் இனிப்புப் பானத்துக்கும் உள்ள இடத்தைக் குரக்கன் பிட்டும், தவிடு நீக்காத சிவப்பரிசிச் சோறும், கீரையும், அவித்த கடலையும் பெறுதல் வேண்டும். ‘விலை கூடும், பிள்ளைகள் விரும்பார்’ என்பர். கூடும் விலையைப் பழைய மாணவர் ஏற்கலாம். மண்டபத்துக்கு ஈந்த கை இதற்குச் சுருங்காது. விருப்பமோ பழக்கத்தால் வருவது. நாற்பது வயதில் வைத்தியசாலை வாயிலில் நிற்கும் மாணவனுக்கு நாம் கட்டிய மண்டபத்தாற் பயன் என்ன?