தையல் கரையும் வரை

வெள்ளவத்தையிலிருந்து என்னோடு பொரளைக்கு வந்த பெறாமகள், காசல் வீதி மகளிர் வைத்தியசாலையைக் கடக்கும்போது மெல்லக் கேட்டாள்: "சித்தி, லேபியாபிளாஸ்டி செய்தா எத்தனை நாளில வேலைக்குப் போகலாம்?" பெண்ணுறுப்பின் இதழ்களைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை அது. வேலை என்ன, முதல் வாரம் வீக்கத்தோடு உட்காரவே யோசிக்க வேண்டும், சிறுநீர் பட்டால் எரியும், தையல் கரைய வாரங்கள் எடுக்கும், தாம்பத்தியம் ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு இல்லை. நடந்தாலே உரசி வலிப்பவளுக்கு அது நியாயமான சிகிச்சை. இவளுக்கோ வலியே இல்லை, 'வடிவில்லை'யாம்! (அந்தச் சொல் நம் வீடுகளில் எத்தனை பேரை அழவைத்திருக்கிறது.) பிரித்தானியச் சிற்பி ஜேமி மக்கார்ட்னி 400 பெண்களின் பெண்ணுறுப்பை வார்ப்பெடுத்துச் சுவராய் அடுக்கினார், ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. உணர்ச்சி குறையுமா, தழும்பு வலிக்குமா என்று டொக்டரிடம் முதலில் கேள், பிள்ளை. திகதியைப் பிறகு குறிக்கலாம்.