எக்கோ நார்மல், அதனால்?

“எக்கோ நார்மல், ஆகவே குழந்தைக்கு இதயத்தசை அழற்சி இல்லை” என்கிறது ஒரு வாதம். முதல் பாதி உண்மையாகவே இருக்கட்டும். அதிலிருந்து இரண்டாம் பாதி பிறக்காது.

எக்கோ என்ற இதய அல்ட்ராசவுண்ட் முக்கியமாக அளப்பது அழற்சியை அல்ல, தசை செய்யும் வேலையை. இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் வெளித்தள்ளும் ரத்தத்தின் பங்கு 55 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் ‘நார்மல்’ என்று எழுதிவிடுகிறார்கள். தசையில் அழற்சி தொடங்கிய பிறகும் அந்த எண் அசையாமல் நிற்கலாம். தசை எவ்வளவு சுருங்குகிறது என்று பார்க்கும் ‘ஸ்ட்ரெயின்’ அளவீடு சிலருக்குக் குறையை முன்னதாகக் காட்டும், எல்லாருக்கும் அல்ல. சரி, ஈசிஜி எங்கே? இதயத்தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை எங்கே? வாந்தி, வயிற்றுவலி என்று வந்த பிள்ளைக்குக் காய்ச்சலுக்குப் பொருந்தாத வேகத்தில் நாடி ஓடியதா என்று யாராவது பார்த்தார்களா?

அதற்காக, எம்ஆர்ஐ இருக்க எக்கோ எதற்கு என்பவர்களோடும் நான் சேரமாட்டேன். எம்ஆர்ஐயில் இந்த அழற்சியைக் கண்டறிய 2018இல் புதுப்பிக்கப்பட்ட லேக் லூயிஸ் அளவுகோல் நல்லதுதான். ஆனால் மூச்சிரைக்கும் இரண்டு வயதுக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து எம்ஆர்ஐ குழாய்க்குள் அனுப்பத் துணிவது யார்? எக்கோவைப் படுக்கையருகிலேயே எடுக்கலாம். இந்த அழற்சி அதிவேகமாக முற்றும் வகையில், அறை பெரிதாகாமல் சுவர் மட்டும் தடித்திருப்பதை அது காட்டிக்கொடுக்கும். சந்தேகம் தீரவில்லையா, சில மணி நேரத்தில் மறுபடியும் எடுங்கள்.