செக்ரோலில் பெயரில்லாத பிள்ளைகள்



"சங்கத்துக்காரருக்குக் கதைப் புத்தகம் எதற்குக் கிராணியாரே? சட்டப் புத்தகத்தைப் படியுங்கள்!" என்று சென்ற கிளைக் கூட்டத்தில் மூத்த தோழர் ஒருவர் என்னைக் கேலி செய்தார். சட்டமும் படிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் யாருக்காக என்பதை நெஞ்சில் பதிய வைப்பது நல்ல நாவல். அப்படி ஒன்றைப் படித்தேன். நீங்களும் படிக்க வேண்டும்.

அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் கென்ட் குருகர் எழுதி 2019-இல் வெளிவந்த 'திஸ் டெண்டர் லேண்ட்' என்பது அந்நூல். கதை நடப்பது 1932-இல். உலகப் பொருளாதார மந்தம் அந்நாட்டை வாட்டிய நேரம். இங்கே ரப்பர் விலை விழுந்து, நம் முன்னோர் பலர் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டதும் அதே மந்தத்தில்தான்.

மின்னசோட்டா மாநிலத்தில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென ஒரு விடுதிப் பள்ளி. அங்கே ஆல்பர்ட், ஓடி என்ற இரு வெள்ளை அனாதைச் சகோதரர்களும் இருக்கிறார்கள். பெயர்தான் பள்ளி; பிள்ளைகளோ பண்ணைக்காரனிடம் கூலியின்றி வைக்கோல் சுமக்கிறார்கள். தினமும் செக்ரோல் எழுதுகிற எனக்கு அந்த இடம் தைத்தது. எந்த ஏட்டிலும் பெயர் ஏறாத உழைப்பு அல்லவா அது!

அங்கிருந்து சகோதரர் இருவரும், நாக்கு அறுக்கப்பட்ட மோஸும், தாயை இழந்த சிறுமி எம்மியும் சிறு தோணியில் தப்புகிறார்கள். ஆற்று வழியே மிசிசிப்பியை அடைந்து, செயின்ட் லூயிஸில் இருக்கும் அத்தையிடம் சேர்வதே எண்ணம்.

இவர்கள் மாவீரர்கள் அல்லர். பன்னிரண்டு வயது ஓடி பொய் சொல்வான், கோபக்காரன். ஆல்பர்ட் அளந்து பேசுகிறவன். இருவருக்கும் ஓயாத சண்டை. ஆனாலும் வாழ்விழந்து குடிசையில் கிடக்கும் ஒரு குடும்பத்தைக் கண்டதும், ஓடி கைப்பணத்தைக் கொடுத்துவிடுகிறான்.

மறக்க முடியாதவன் மோஸ். 1862 டிசம்பர் 26-இல் மான்காட்டோ நகரில் அவன் இனத்தார் 38 பேர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்ட வரலாற்றை அவன் வழியில் அறிகிறான். இது கற்பனையன்று, நடந்தது. அதற்கு ஒப்பமிட்டவர் லிங்கன். நாவலின் பள்ளிக்கும் அவர் பெயரே! இத்தகைய பள்ளிகள் இழைத்த கொடுமைக்கு அமெரிக்க அதிபர் பைடன் மன்னிப்புக் கேட்டது 2024-இல்தான்.

குறையும் உண்டு. தற்செயல்கள் மிகுதி; இறுதியில் முடிச்சுகள் அவசரமாய் அவிழ்கின்றன. ஆனால் அந்த நால்வரை மறக்க இயலாது. இரத்த உறவில்லாதவர்களும் ஒருவருக்காக ஒருவர் நின்றால் குடும்பமாகிவிடலாம் என்பதை உபதேசமின்றிச் சொல்கிறது இந்நூல். சங்கம் என்பதும் அதுதானே?

நூல் ஆங்கிலத்தில் உள்ளது. ஆங்கிலம் அறிந்த பிள்ளைகள் படித்து, மாலையில் வீட்டாருக்குக் கதையாகச் சொல்லட்டும். அடுத்த கூட்டத்துக்கு என் பிரதியைக் கொண்டு வருகிறேன். கேலி செய்த தோழரின் பேத்திக்கே முதலில் கொடுப்பேன். தாத்தாவுக்கு அவள் சொல்லட்டும்!

— ஒரு தோட்டக் கிராணி